எக்ஸிகியூட்டராக யார் இருக்கலாம்? உயிலில் வரும் அந்த ஒரு வரி

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில்தான் உயிலைப் பிரித்தோம். தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பச்சை லெட்ஜர் தாளில் தட்டச்சு செய்த இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெரியப்பாவின் நடுங்கிய கையெழுத்து, கடைசியில் இரண்டு சாட்சிகள். வயல் இரண்டு மகன்களுக்கும், வீடு இளையவளான மகளுக்கு, வங்கியில் இருக்கும் பணத்தில் கடனும் செலவும் போக மீதி மூவருக்கும் சமமாக. அதற்கடுத்து ஒரு வரி: “மேற்படி ஏற்பாடுகளை நிறைவேற்றி வைக்கும் எக்ஸிகியூட்டராக என் மகளை நியமிக்கிறேன்.”

அதைப் படித்ததும் கூடத்தில் சலசலப்பு. “வீட்டை வாங்கிக்கிறவளே எப்படி நிறைவேத்தி வைக்கிறது? செல்லாதே” என்றார் உறவினர் ஒருவர். கல்யாணமாகி பெங்களூரில் இருப்பவளுக்கு இது எதற்கு, உள்ளூரில் இருக்கும் ஆண்பிள்ளை பேரைப் போட்டிருக்கலாமே என்றார் இன்னொருவர். பத்து நாள் கழித்து ஒரு வங்கிக் கிளைக்கு அக்கா, அதாவது பெரியப்பாவின் அந்த மகள், உயிலோடு போனபோது அங்கிருந்த அதிகாரியும், “பயனாளியே எக்ஸிகியூட்டரா இருக்கக் கூடாதே மேடம், வக்கீல் யாராவது இருக்கணும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று மாலை அக்கா போனில் கேட்டாள்: “ஏண்டா, எனக்கு உண்மையிலேயே தகுதி இல்லையா?”

அக்காவுக்குத் தகுதி இருந்தது. அன்று அவளிடம் சொன்னவர்கள் யாருமே கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுவதைச் சொன்னார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றுகிறது. இந்தத் தவறான எண்ணங்களால் குடும்பங்கள் மாதக்கணக்கில் அலைகின்றன. எக்ஸிகியூட்டராக வரக்கூடிய நல்ல மனிதர்களும் ‘நமக்கு உரிமையில்லை போல’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் இதற்கான விதிகள் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கின்றன. எக்ஸிகியூட்டர் என்பவர் யார் என்று அதன் 2ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் சொல்கிறது: இறந்தவரின் கடைசி உயிலை நிறைவேற்றும் பொறுப்பு, உயில் எழுதியவரின் நியமனத்தால் யாரிடம் நம்பி ஒப்படைக்கப்படுகிறதோ அவர். தேர்வு செய்வது உயில் எழுதியவர் மட்டும்தான். அவர் யாரை நம்பினாரோ அவரே அந்த ஆள். படிப்பு, தொழில், உறவு, ஊர் எதுவும் அந்த வரையறையில் கிடையாது.

சரி, யார்தான் இருக்கக் கூடாது? அதற்கு 223ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சான்றளித்து எக்ஸிகியூட்டரிடம் தரும் ஆணைக்குப் புரொபேட் என்று பெயர். அதை யாருக்குத் தரக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது: 18 வயது நிரம்பாதவர், சித்த சுவாதீனம் இல்லாதவர், தனிநபர்கள் சேர்ந்த குழு அல்லது சங்கம். மூன்றாவதில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. மாநில அரசின் விதிகளில் சொல்லப்பட்ட நிபந்தனைகளை நிறைவு செய்யும் கம்பெனியாக இருந்தால் தரலாம். தடைப் பட்டியல் இவ்வளவுதான்.

இந்த மூன்றில் சிறார் பற்றிய விதியைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பதினைந்து வயதுப் பேத்தியின் பெயரை எக்ஸிகியூட்டர் என்று எழுதினால் அந்த நியமனமே வீண் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. தடை புரொபேட் தருவதற்குத்தான். உயிலில் பெயர் எழுதுவதற்கு இல்லை. எழுதியபோது பதினைந்து வயதாக இருந்த பேத்தி, தாத்தா காலமாகும்போது இருபத்தைந்து வயதில் இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. அவள் சிறுமியாக இருக்கும்போதே அவர் போய்விட்டால், 244ஆம் பிரிவின்படி அவளுடைய காப்பாளரிடமோ நீதிமன்றம் தகுந்தவர் என்று கருதும் வேறொருவரிடமோ நிர்வாகப் பொறுப்பு தற்காலிகமாகத் தரப்படும். அவளுக்கு 18 வயது ஆனதும் புரொபேட் அவளிடமே வரும். ஆனாலும் ஒரே எக்ஸிகியூட்டராகச் சிறார் ஒருவரை மட்டும் எழுதுவது புத்திசாலித்தனமில்லை என்பது என் கருத்து. இடையில் வருகிறவர் நீங்கள் தேர்ந்தெடுத்த ஆளாக இருக்க மாட்டார்.

சித்த சுவாதீனம் என்பதையும் வயதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எண்பது வயதுக்காரர் தெளிவாக இருந்தால் அவர் எக்ஸிகியூட்டர் ஆகலாம். ஆனால் நம் ஊரில் வழக்கமாக நடப்பது வேறு. அறுபது வயதில் உயில் எழுதும்போது தன் வயதொத்த நண்பரை நியமிக்கிறார்கள். இருபது வருடம் கழித்து உயில் அமலுக்கு வரும்போது அந்த நண்பர் மறதி நோயில் இருப்பார், அல்லது அவரே போய்ச் சேர்ந்திருப்பார். இன்று தகுதியுள்ளவர் அன்றைக்கும் தகுதியுள்ளவராக இருப்பாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சங்கம், குழு என்கிற தடை பக்திமான்களையும் தர்ம சிந்தனை உள்ளவர்களையும் பாதிக்கிறது. பிள்ளையில்லாத தம்பதி தங்கள் வீட்டை முதியோர் இல்லத்துக்கு எழுதி வைக்கிறார்கள். கூடவே ‘இல்லத்தின் நிர்வாகக் குழுவே இதை நிறைவேற்ற வேண்டும்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். கோயில் திருப்பணிக் குழு, ஊர்ச் சங்கம், நண்பர்கள் நடத்தும் அறக்கட்டளை என்று இப்படி நிறைய. சொத்து அந்த அமைப்புக்குப் போவதில் தவறில்லை. நிறைவேற்றும் பொறுப்பைக் குழுவின் பெயரில் போட்டால்தான் புரொபேட் வாங்கப் போகும்போது முட்டிக்கொள்ளும். வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் இதே கதைதான். பயனாளி என்ற இடத்தில் இல்லத்தின் பெயரை எழுதுங்கள். எக்ஸிகியூட்டர் என்ற இடத்தில் ஒரு மனிதரின் பெயரையும் தகப்பனார் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள்.

நம்பகமான மனிதர் யாருமே இல்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலங்களில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் என்ற அரசு அதிகாரி இருக்கிறார். தமிழ்நாட்டில் அந்த அலுவலகம் சென்னையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இயங்குகிறது. அவரை எக்ஸிகியூட்டராக நியமிக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. தனியாக வாழும் பெரியவர்களில் பலருக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே தெரியாது.

இனி அக்காவைத் திருப்பி அனுப்பிய காரணத்துக்கு வருகிறேன். உயிலில் பங்கு பெறுகிறவர் எக்ஸிகியூட்டராக இருக்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. சட்டம் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு 141ஆம் பிரிவே சாட்சி. எக்ஸிகியூட்டராக நியமிக்கப்பட்டவருக்கு உயிலில் ஏதாவது எழுதிவைக்கப்பட்டிருந்தால், அவர் உயிலை நிரூபிக்க முன்வந்தாலோ, பொறுப்பேற்கும் எண்ணத்தை வேறு வகையில் காட்டினாலோதான் அதைப் பெறலாம் என்கிறது அது. பயனாளிக்குத் தகுதியே இல்லையென்றால் இப்படி ஒரு பிரிவுக்கு வேலை ஏது? பெரும்பாலான வீடுகளில் மனைவி, கணவர், மகன், மகள்தான் எக்ஸிகியூட்டர். அவர்கள்தான் பயனாளிகளும்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் எக்ஸிகியூட்டராக இருக்கலாம். அதனால் அவருடைய சாட்சியம் செல்லாமல் போகாது என்று 68ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பகுதி செல்லாது என்ற விதி 67ஆம் பிரிவில் இருப்பது உண்மை. ஆனால் இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் எழுதும் உயிலுக்கு அது பொருந்தாது. கிறிஸ்தவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். யாராக இருந்தாலும் பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பதே நல்லது. பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப மருத்துவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பங்கு பெறுபவர் எக்ஸிகியூட்டராக இருப்பதில் ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். உயிலைத் தயார் செய்யும் வேலையில் அவரே முன்நின்றால் பிறகு தொல்லை வரும். இதில் இன்றுவரை வக்கீல்கள் முதலில் எடுத்துக்காட்டும் தீர்ப்பு, உச்ச நீதிமன்றம் 1958 நவம்பரில் சொன்ன வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கு. மைசூர்ப் பகுதியில் லக்ஷ்மம்மா என்ற பெண்மணி 1945இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயில். வழக்குப் போட்டவர் அந்த உயிலின் ஒரே எக்ஸிகியூட்டர். உயிலில் அவருடைய மகன்களுக்குக் கணிசமான சொத்து போயிருந்தது. உயில் எழுதும் காரியத்திலும் அவரே முக்கியப் பங்கு எடுத்திருந்தார். இப்படிச் சந்தேகத்துக்கு இடம் தரும் சூழல் இருந்தால், அந்தச் சந்தேகங்களை எல்லாம் நீக்கி நீதிமன்றத்தின் மனதைத் திருப்திப்படுத்த வேண்டிய சுமை உயிலை முன்வைப்பவர்மேல் விழும் என்றது நீதிமன்றம். அவரால் அதைச் செய்ய முடியவில்லை, தோற்றார்.

அவர் தோற்றது எக்ஸிகியூட்டராக இருந்ததாலோ பிள்ளைகள் பயனாளிகளாக இருந்ததாலோ மட்டும் இல்லை. எழுதியவரின் சுய விருப்பம்தான் அது என்று நம்பவைக்க முடியாமல் போனதால். ஆகவே, உங்கள் அப்பா உங்களை எக்ஸிகியூட்டராகப் போடப்போகிறார் என்று தெரிந்தால், அவரை வக்கீலிடம் அழைத்துப்போகும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நீங்கள் கூடப்போக வேண்டாம். மருத்துவரிடம் அன்றைய தேதியில் ஒரு சான்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

பெண் என்பதற்கும் கல்யாணமானவள் என்பதற்கும் வருகிறேன். உறவினர் அன்று சொன்னதற்குச் சட்டத்தில் ஒரு பழைய வேர் உண்டு. 1865ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், கல்யாணமான பெண்ணுக்குப் புரொபேட் வேண்டுமானால் கணவர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும் என்றது. அந்தத் தடை பிற்பாடு எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது 315ஆம் பிரிவு, கல்யாணமான பெண்ணுக்குப் புரொபேட் தரப்பட்டால் எக்ஸிகியூட்டருக்குள்ள எல்லா அதிகாரமும் அவளுக்கு உண்டு என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்ட விதி ஊர்ப் பேச்சில் இன்னும் இருப்பதைப் பார்த்தால் மனம் கனக்கிறது. கணக்குவழக்கைப் பைசா சுத்தமாகப் பார்க்கும் எத்தனை பெண்கள் இதனால் ஒதுக்கப்பட்டிருப்பார்கள்!

ஊர் விட்டு ஊர் இருப்பதும் தடை இல்லை. பெங்களூர் என்ன, சிங்கப்பூரில் இருப்பவரும் எக்ஸிகியூட்டர் ஆகலாம். இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றும் 223ஆம் பிரிவு கேட்கவில்லை. கஷ்டம் நடைமுறையில்தான். ஒவ்வொரு கையெழுத்துக்கும் தூதரகம், தபால், அதிகாரம் கொடுத்த ஆள் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். மதமும் தடை இல்லை. முஸ்லிம் உயிலை நிறைவேற்றுபவரை வஸி என்பார்கள்; அவர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. எழுத்தறிவு இல்லாதவர், கடனாளி, முன்பு தண்டனை பெற்றவர் என்று சட்டத்தில் ஒரு தடையும் எழுதப்படவில்லை. அதற்காகப் பொறுப்பைக் கெடுப்பவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். 301ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் அவரை இடைநிறுத்தலாம், நீக்கலாம், அவர் இடத்தில் வேறொருவரை வைக்கலாம்.

எக்ஸிகியூட்டர் என்ற சொல்லே இல்லாத உயில்கள் நம் பக்கம் நிறைய உண்டு. கிராமத்து எழுத்தர்கள் எழுதிய பழைய உயில்களில் இப்படி இருக்கும்: “என் காலத்துக்குப் பின் என் கடன்களை வசூலித்தும் அடைத்தும், மீதியை மேலே கண்டபடி பகிர்ந்து கொடுக்கிற பொறுப்பு என் மூத்த மருமகளைச் சேர்ந்தது.” இந்த மருமகள் யார்? 222ஆம் பிரிவின்படி நியமனம் வெளிப்படையாகவும் இருக்கலாம், உயிலின் வாசகத்திலிருந்து தவிர்க்க முடியாமல் பெறப்படுவதாகவும் இருக்கலாம். கடனை வசூலிப்பது, அடைப்பது, பகிர்ந்து கொடுப்பது ஆகியவைதான் எக்ஸிகியூட்டரின் வேலை. அந்த வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தால் அவர் எக்ஸிகியூட்டர் என்று வாதிட நல்ல இடம் உண்டு. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ‘இவர் மறுத்தால் அவர் எக்ஸிகியூட்டராக இருக்கட்டும்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், முதலில் சொல்லப்பட்டவரும் எக்ஸிகியூட்டர்தான். அவரை நியமிக்கிறேன் என்று எங்கும் எழுதாவிட்டாலும்கூட.

வீட்டில் பழைய உயில் கிடைத்தால், எக்ஸிகியூட்டர் என்ற சொல் இல்லையே என்று உடனே மடித்து வைத்துவிட வேண்டாம். யாரிடம் எந்த வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். நியமனமே இல்லை என்று முடிவானாலும் உயில் செத்துவிடாது. மீதிச் சொத்தைப் பெறும் பயனாளி, 232ஆம் பிரிவின் கீழ் உயிலை இணைத்து நிர்வாக ஆணை கேட்கலாம். லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். எக்ஸிகியூட்டர் வாங்குவது புரொபேட், மற்றவர்கள் வாங்குவது இது.

தகுதி இருந்தால் போதுமா? சம்மதமும் வேண்டும். உயிலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நீதிபதி முன் வாய்மொழியாகவோ, கையெழுத்திட்டு எழுத்திலோ மறுக்கலாம். ஆனால் 230ஆம் பிரிவின்படி ஒருமுறை மறுத்தால் மறுத்ததுதான். பிறகு மனம் மாறி அதே உயிலுக்குப் புரொபேட் கேட்க முடியாது. வாயும் திறக்காமல் பொறுப்பும் ஏற்காமல் இருப்பவருக்கு, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்டு நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பும். அப்பாவின் பால்ய நண்பர் என்று அவரிடம் கேட்காமலேயே பெயரைப் போட்டுவிட்டு, கடைசியில் அவர் கையை விரித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகள் நடுவில் நின்று வசவு வாங்க யாருக்குத்தான் ஆசை?

இதனால்தான் இரண்டாவது பெயர் ஒன்று வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன். எத்தனை எக்ஸிகியூட்டர்கள் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. ஒருவர் இறந்தால் மற்றவரிடம் முழுப் பொறுப்பும் போகும். உயிலை நிரூபித்த எக்ஸிகியூட்டர்களில் ஒருவரே எல்லோருக்குமான அதிகாரத்தைச் செலுத்தலாம், உயிலில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. ஒரே ஒருவரை மட்டும் எழுதி அவர் இறந்துவிட்டால், அந்தப் பொறுப்பு அவர் பிள்ளைக்குச் சொத்து போல இறங்காது. மறுபடியும் 232ஆம் பிரிவின்படி பயனாளிகள் நீதிமன்றப் படியேற வேண்டும். “என் மகள், அவளால் இயலாதபோது என் தம்பி மகன்” என்று ஏழு சொல் எழுதியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

அக்காவுக்கு வேறொரு குழப்பமும் இருந்தது. அந்த வங்கிக் கணக்கில் நாமினி மூத்த அண்ணன். அப்போ அண்ணனுக்குத்தானே உரிமை என்று கேட்டாள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர். வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு தீர்ந்தது. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயில்தான் சொல்லும், உயில் இல்லையென்றால் வாரிசுரிமைச் சட்டம். கம்பெனிப் பங்குகளிலும் நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்டுமே தவிர, யாரையும் எக்ஸிகியூட்டர் ஆக்காது. பவர் ஏஜென்ட் விஷயம் இன்னும் முக்கியம்: பவர் கொடுத்தவர் இறந்த நொடியில் பொதுவாக அந்தப் பவர் முடிந்துவிடும். அப்பா கொடுத்த பவர் இருக்கிறது என்று அவர் மறைவுக்குப் பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரிய வம்பில் மாட்டுவார்கள். எக்ஸிகியூட்டரின் அதிகாரமோ அந்த மறைவில்தான் தொடங்குகிறது. 211ஆம் பிரிவின்படி இறந்தவரின் சொத்து முழுவதும் நிர்வாகத்துக்காக அவரிடம் வந்து நிற்கும்.

புரொபேட் கட்டாயமா என்ற கேள்வியும் இங்கேயே வந்துவிடும். சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட, அல்லது அங்குள்ள நிலம் வீட்டைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு, புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று 213ஆம் பிரிவு நீண்ட காலம் வைத்திருந்தது. தஞ்சாவூரில் எழுதிய தஞ்சாவூர்ச் சொத்துக்கு அது எப்போதுமே பொருந்தியதில்லை. முஸ்லிம்களுக்கு விலக்கு இருந்தது. 2002இல் கிறிஸ்தவர்களுக்கும் விலக்கு வந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்த 213ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. புரொபேட் என்கிற வழி மூடப்படவில்லை. வாரிசுகளுக்குள் சண்டை இருந்தால் இன்றும் அதை வாங்கிக்கொள்வதே எக்ஸிகியூட்டருக்குப் பாதுகாப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓ.பி. என்று மனுவாகத் தொடங்கும். யாராவது எதிர்த்தால் டி.ஓ.எஸ். என்று வழக்காக மாறும்.

தகுதி எளிது என்பதால் வேலையும் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. இறந்தவரின் அந்தஸ்துக்கு ஏற்றபடி ஈமச் சடங்குக்குப் பணம் ஏற்பாடு செய்வது எக்ஸிகியூட்டரின் கடமை என்று 316ஆம் பிரிவு சொல்கிறது, சொத்து அதற்குப் போதுமானதாக இருந்தால். அப்புறம், யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. ஈமச் செலவும் கடைசிக் காலத்து மருத்துவச் செலவும் முதலில். பிறகு புரொபேட் வாங்கிய செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் உழைத்த கூலியாள், கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோரின் சம்பள பாக்கி. மற்ற கடன்கள் அதற்கும் பிறகு. பிள்ளைகளின் பங்கு எல்லாவற்றுக்கும் கடைசி. நூறு வருடத்துக்கு முந்தைய சட்டம் வீட்டு வேலையாளை நினைவு வைத்து, வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது. முதல்முறை படித்தபோது அந்தப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்துக்குள் வரவுசெலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இறந்தவரின் சொத்தை எக்ஸிகியூட்டரே விலைக்கு வாங்கினால், பங்குள்ள யார் கேட்டாலும் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். அவர் கவனக்குறைவால் சொத்துக்கு நஷ்டம் வந்தால் சொந்தக் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இந்தப் பொறுப்பை எல்லாம் தாங்குவாரா என்று பார்த்துத்தான் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கு எழுதும் பழக்கம் இருக்கிறதா, பிள்ளைகள் மூவரும் அவர் சொன்னால் கேட்பார்களா, உங்களைவிட வயதில் சிறியவரா. சட்டம் கேட்காத இந்தக் கேள்விகளை எழுதுகிறவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கா வங்கிக்கு வாய்ப்பேச்சாகப் போவதை நிறுத்தினாள். பயனாளி எக்ஸிகியூட்டராக இருக்கக் கூடாது என்பது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, உயிலின் நகலும் இறப்புச் சான்றிதழும் வைத்து, பதிவுத் தபாலில் வங்கியின் சட்டப் பிரிவுக்கு அனுப்பினாள். நாமினியான அண்ணனும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரியப்பா காலமாகி நான்காவது மாதம் பணம் வந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் தேதி போட்டு வரவு எழுதினாள். செலவுப் பக்கத்தில் முதல் வரி, காரியத்துக்குக் கைமாற்றாக வாங்கிய தொகை. இரண்டாவது வரி, பெரியப்பாவைக் கடைசி வரை குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்ட வேலைக்கார அம்மாவுக்கு நின்றுபோயிருந்த இரண்டு மாதச் சம்பளம். அவரிடம் கையெழுத்து வாங்கப் போனபோது, “இதை நீங்க மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன்மா” என்றாராம்.